50×50 கொடுத்தால் வரைகிறது, 60×40 கொடுத்தால் எரர். கட்டம் சதுரமாகத்தான் இருக்க வேண்டுமா?

கடைசிபெஞ்ச்

வணக்கம். இரு மாறிச் சார்புகளைப் பைதானில் வரைந்து பழகிக்கொண்டிருக்கிறேன். கணக்குக்கு நம்பை, வரைய மேட்பிளாட்லிப் என்ற நூலகங்கள்தான். கோடிங்கை இங்கே ஒட்டினால் இடைவெளி எல்லாம் கலைந்துவிடுகிறது, அதனால் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

சார்பு: எக்ஸ்² − ஒய்². லின்ஸ்பேஸ் (சம இடைவெளியில் புள்ளி எடுப்பது) வைத்து எக்ஸுக்கு −2 முதல் 2 வரை 50 புள்ளி, ஒய்க்கும் அதே 50 புள்ளி எடுத்தேன். இசட் என்று 50×50 பூஜ்ஜிய அரே (எண் அட்டவணை). வெளி லூப்பில் ஐ எக்ஸ் மேல் ஓடும், உள் லூப்பில் ஜே ஒய் மேல் ஓடும். இசட்[ஐ][ஜே]-யில் சார்பின் மதிப்பைப் போடுகிறேன். அப்புறம் மெஷ்கிரிட்டில் எக்ஸ், ஒய் இரண்டையும் விரித்து, மூன்றையும் சர்ஃபேஸ் பிளாட்டுக்குக் கொடுக்கிறேன். அழகான சேணம் வந்தது.

நேற்று எக்ஸை −3 முதல் 3 வரை நீட்டி 60 புள்ளி ஆக்கினேன், ஒய்யை 40 ஆக்கினேன். இசட் 60×40. உடனே வடிவம் பொருந்தவில்லை என்று எரர். வேறு எதையும் தொடவில்லை. கட்டம் சதுரமாக இருந்தால்தான் வேலை செய்யுமா? எங்கும் அப்படிப் படித்த நினைவில்லை.

மூன்றாம்அச்சு

சதுரமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் 60×40 கெட்டுப்போகவில்லை. கெட்டது அந்த 50×50. அது தப்பு என்று சொல்ல யாரும் இல்லாததால் தப்பித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சின்னதாக எடுத்துத் தாளில் எழுதிப் பாருங்கள். எக்ஸ் = 1, 2, 3. ஒய் = 10, 20. மெஷ்கிரிட் கொடுக்கும் முதல் அரே:

1 2 3
1 2 3

இரண்டாவது:

10 10 10
20 20 20

இரண்டு நிரை, மூன்று நிரல். அதாவது நிரை எண்ணிக்கை ஒய்யிலிருந்து வருகிறது, நிரல் எண்ணிக்கை எக்ஸிலிருந்து. குறுக்கே நடந்தால் எக்ஸ் மாறும், கீழே இறங்கினால் ஒய் மாறும். சார்பு எக்ஸ் + ஒய் என்று வைத்தால் இசட் இப்படி வர வேண்டும்:

11 12 13
21 22 23

உங்கள் லூப் என்ன செய்கிறது? ஐ-க்கு எக்ஸைக் கொடுத்துவிட்டீர்கள். ஐ என்பது நிரை. ஆகவே வருவது:

11 21
12 22
13 23

அதே ஆறு எண்கள்தான், படுக்கவைத்திருக்கிறது. மெஷ்கிரிட் 40×60 கொடுத்திருக்கும், உங்கள் இசட் 60×40. பொருந்தாது. 50×50 என்றால் திருப்பிப் போட்டாலும் 50×50தான், எனவே நூலகத்துக்குச் சந்தேகமே வராது.

நம்பிக்கை இல்லையென்றால் பழைய 50×50 படத்தைத் திறந்து, எக்ஸ் = 2, ஒய் = 0 பக்கம் உயரம் என்ன என்று பாருங்கள். 4 இருக்க வேண்டும்.

கடைசிபெஞ்ச்

பார்த்தேன். −3.998.

ஒய்யில் சரியாக 0 இல்லை (50 புள்ளி என்பதால் நடுவில் −0.04, 0.04 என்று போகிறது), அதனால் 3.998 வரை புரிகிறது. ஆனால் அடையாளக்குறியே மாறிக்கிடக்கிறது. நான் வரைந்தது ஒய்² − எக்ஸ்². சேணம் 90 பாகை திரும்பினாலும் சேணம் மாதிரியே இருப்பதால் கண்ணில் படவே இல்லை. இந்தப் படத்தைப் போன வாரம் ஓர் அறிக்கையில் வைத்துக் கொடுத்தும் விட்டேன்...

நிரல்முதல்

எல்லோரும் ஒருமுறை விழும் குழிதான், வருத்தப்படாதீர்கள். எக்ஸ்² + ஒய்² மாதிரி சமச்சீரான சார்பாக இருந்திருந்தால் இன்றைக்கும் தெரிந்திருக்காது. பாடங்களில் முதல் உதாரணமாக அந்தக் கிண்ணத்தையே வரையச் சொல்வதில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. சதுரக் கட்டம், சமச்சீர் சார்பு, இரண்டும் சேர்ந்தால் எந்தப் பிழையும் வெளியே வராது. புதிதாக வரைபடக் கோடிங் எழுதினால் முதல் ஓட்டம் கோணல்மாணலாக இருக்கட்டும்: 7×4 கட்டம், எக்ஸ் + 10 ஒய் மாதிரி ஒரு சார்பு. ஒரே பார்வையில் எது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அணியில் முதல் சுட்டு நிரை, அது மேலிருந்து கீழே இறங்கும். வரைபடத்தில் முதலில் சொல்வது எக்ஸ், அது இடமிருந்து வலம் போகும். இரண்டு வழக்கமும் தனித்தனியே சரி, சேர்த்தால் முட்டிக்கொள்ளும். மெஷ்கிரிட் வரைபட வழக்கத்தின் பக்கம் நிற்கிறது. மேட்லேப், ஆக்டேவ் என்ற கணக்கு மென்பொருள்கள் இரண்டிலும் அப்படித்தான், நம்பை அவற்றைப் பார்த்தே வைத்துக்கொண்டது. ஆனால் நம்பையிலேயே எம்கிரிட் என்று இன்னொன்று இருக்கிறது, அது அணி வழக்கம்: எக்ஸ் நிரையாக ஓடும். ஒரே கோப்பில் மேலே எம்கிரிட்டும் கீழே மெஷ்கிரிட்டும் இருந்தால் கதை கந்தல்.

என் வழி: மெஷ்கிரிட்டிலேயே இண்டெக்ஸிங் என்ற விருப்பத்துக்கு 'ஐஜே' கொடுத்துவிடுவேன். அப்போது இசட்[ஐ][ஜே] என்றால் எக்ஸில் ஐ-யாவது, ஒய்யில் ஜே-யாவது. கணக்கில் எழுதுவது போலவே. உங்கள் லூப்பை அப்படியே வைத்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலும் 60×40 ஓடும்.

மூன்றாம்அச்சு

ஓடும், ஆனால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று அரேயும் ஒரே மாதிரி படுத்திருந்தால் சர்ஃபேஸ் பிளாட்டுக்குப் பிரச்சினை இல்லை, சரி. அடுத்த நாள் கடைசிபெஞ்ச் அதே இசட்டை சமஉயரக் கோடாக வரையலாம் என்று கான்டூருக்கு ஒற்றைப் பரிமாண எக்ஸ், ஒய் கொடுப்பார். அது எக்ஸின் நீளம் நிரல் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும். மறுபடி எரர். அல்லது சதுரமாக இருந்தால் எரரே இல்லாத தப்புப் படம், அது இன்னும் மோசம். வரையும் நூலகங்கள் பெரும்பாலும் நிரை = ஒய் என்றே எதிர்பார்க்கின்றன. ஊரோடு ஒத்துவாழ்.

நிரல்முதல்

ஊரே ஒத்துப்போகவில்லையே. அரேயைப் படமாகக் காட்டும் இம்ஷோவில் அதே இசட்டைப் போட்டால் முதல் நிரை மேலே வந்து உட்காரும், ஒய் தலைகீழாகிவிடும். ஆரிஜின் விருப்பத்தை 'லோயர்' ஆக்கினால்தான் சரியாகும். எப்படிப் போனாலும் ஓரிடத்தில் திருப்பத்தான் வேண்டும். நான் கணக்கிடும்போது ஐஜே, வரையும் கடைசி வரியில் மட்டும் ட்ரான்ஸ்போஸ் (நிரையையும் நிரலையும் இடம் மாற்றுவது). இருபது வருடப் பழக்கம், இனி மாறாது :)

மூன்றாம்அச்சு

சரி, ஆளுக்கொரு மதம். கடைசிபெஞ்ச், எதை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக அந்த இரட்டை லூப்பைத் தூக்கிவிடுங்கள். மெஷ்கிரிட் கொடுத்த இரண்டு பெரிய அரேயையும் நேரே சூத்திரத்தில் போட்டால் போதும். பெரிய எக்ஸின் வர்க்கத்திலிருந்து பெரிய ஒய்யின் வர்க்கத்தைக் கழித்தால் இசட் தானாக 40×60 வரும். ஐ, ஜே என்ற பேச்சே இல்லை, மாற்றிப் போடவும் வழியில்லை.

கடைசிபெஞ்ச்

லூப்பைத் தூக்கிவிட்டேன், நான்கு வரியில் முடிந்தது. 60×40 ஓடுகிறது, சேணமும் சரியான பக்கம் நிற்கிறது. நன்றி.

அடுத்த தலைவலி. இன்னொரு சார்பு: வட்டத்துக்குள்ளே (எக்ஸ்² + ஒய்² ஒன்றுக்குள் இருந்தால்) அரைக்கோளம், வெளியே பூஜ்ஜியம். டெஃப் போட்டு உள்ளே இஃப் எழுதினேன். அரேயின் உண்மை மதிப்பு தெளிவில்லை என்று ஏதோ சொல்கிறது. வெக்டரைஸ் என்று ஒன்றைச் சுற்றிப் போட்டதும் ஓடியது. அதுவே போதுமா?

வேகத்தடை

இஃப் ஒரே ஓர் ஆம் அல்லது இல்லை கேட்கும். நீங்கள் 2400 ஆம்/இல்லையைக் கையில் கொடுக்கிறீர்கள். அதுதான் அந்த எரர்.

வெக்டரைஸ் பெயரில்தான் வேகம் இருக்கிறது. உள்ளே ஓடுவது அதே லூப்தான், அதன் ஆவணத்திலேயே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். 2400 புள்ளிக்குப் பரவாயில்லை. பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

நேரான வழி நம்பையின் வேர் (ஆங்கில where, மூலம் அல்ல): நிபந்தனை, உண்மையானால் எது, இல்லையானால் எது, மூன்றும் அரேயாக. ஆனால் ஒன்று கவனியுங்கள். வேர் இரண்டு பக்கத்தையும் எல்லாப் புள்ளிக்கும் கணக்கிட்டுவிட்டுத்தான் தேர்ந்தெடுக்கும். வட்டத்துக்கு வெளியே 1 − எக்ஸ்² − ஒய்² எதிர்மறை, அதற்கும் வர்க்கமூலம் எடுத்து நான் (எண் அல்ல என்பதற்கான குறி, நான் அல்ல!) வந்து எச்சரிக்கை அடிக்கும். முடிவு சரியாகவே இருக்கும், எச்சரிக்கை மட்டும் எரிச்சல். வர்க்கமூலத்துக்குள்ளே மேக்ஸிமம் போட்டு எதிர்மறையைப் பூஜ்ஜியமாக்கிவிட்டால் வேரே தேவையில்லை. இந்தச் சார்புக்கு அதுதான் அழகு.

நிரல்முதல்

இதோடு சேர்ந்த இன்னும் இரண்டு. மாறிலிச் சார்பு: எங்கும் 5 என்று எழுதினால் திரும்பி வருவது வெறும் 5, அரே இல்லை. இசட் இரு பரிமாணமாக வேண்டும் என்று நூலகம் முறைக்கும். 5 + 0 × எக்ஸ் என்று எழுதிச் சமாளிப்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான்.

மேட்லேப்பில் எழுதுபவர்களுக்கு: அங்கே வெறும் பெருக்கல் குறி அணிப் பெருக்கல். உறுப்புக்கு உறுப்பு பெருக்க முன்னால் ஒரு புள்ளி வேண்டும், அடுக்குக்கும் வகுத்தலுக்கும் அதே. 40×60 என்றால் எக்ஸையும் ஒய்யையும் அணியாகப் பெருக்கவே முடியாது, எரர் வந்து காப்பாற்றும். 50×50 என்றால் பெருக்கிக் காட்டும், படமும் வரும், அது எந்தச் சார்பின் படம் என்று மட்டும் கேட்கக் கூடாது. சதுரக் கட்டம் மறுபடி காலை வாரும் இடம் இது.

புதுவரவு7

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கட்டத்தை 500×500 ஆக்கியும் மேட்பிளாட்லிப்பில் படம் கொஞ்சமும் நுணுக்கமாகவில்லை. 100×100-க்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. கணக்கு சரியாகத்தான் நடக்கிறது, அளவைப் பார்த்துவிட்டேன்.

வேகத்தடை

கணக்கு 500×500-க்கு நடக்கிறது, வரைவது 50×50-தான். சர்ஃபேஸ் பிளாட்டில் ஆர்கவுண்ட் (நிரைக்கு), சிகவுண்ட் (நிரலுக்கு) என்று இரண்டு விருப்பம், இரண்டுக்கும் இயல்பு மதிப்பு 50. அதற்கு மேல் இருந்தால் நிரை, நிரல்களைத் தாவித் தாவி எடுக்கும். 500-இல் பத்துக்கு ஒன்று. இரண்டையும் 500 ஆக்குங்கள், நுணுக்கம் வரும், சுழற்றும்போது படமும் திணறும். க்னூபிளாட் என்ற வரையும் மென்பொருளில் இதற்கு எதிர்த்திசைத் தொல்லை: கட்டக் கோடுகளின் எண்ணிக்கையான ஐசோசாம்பிள்ஸ் இயல்பாகவே 10, 10. எதை வரைந்தாலும் மொட்டையாக வரும்.

அட, கடைசிபெஞ்ச், உங்கள் 60×40-இலும் இது நடக்கிறது. 60 என்பது 50-ஐத் தாண்டுவதால் எக்ஸ் பக்கம் ஒன்றுவிட்டு ஒரு நிரல்தான் வரையப்படுகிறது. பாதிப் புள்ளி வீண்.

புதுவரவு7

அப்படியென்றால் எப்போதும் 1000×1000 எடுத்து, எல்லாவற்றையும் வரையச் சொல்லிவிடுவதுதானே நல்லது?

மூன்றாம்அச்சு

1000×1000 என்றால் பத்து லட்சம் புள்ளி, புள்ளிக்கு 8 பைட், எக்ஸ் ஒய் இசட் மூன்றுக்கும் 24 எம்பி. தாங்கும். 10,000×10,000 என்றால் 2.4 ஜிபி, அதில் எக்ஸும் ஒய்யும் ஒரே எண்களைத் திரும்பத் திரும்ப எழுதிவைத்த வெட்டிச் சுமை. கட்டம் பெரிதாகும்போது மெஷ்கிரிட்டில் ஸ்பார்ஸ் விருப்பத்தைப் போடுங்கள்: எக்ஸ் ஒற்றை நிரை, ஒய் ஒற்றை நிரல், சூத்திரத்தில் சந்திக்கும்போது தானாக விரியும். மேட்லேப்பும் 2016பி பதிப்பிலிருந்து இப்படி விரித்துக்கொள்கிறது. சார்பில் ஒய்யே இல்லாவிட்டால் இசட் ஒற்றை நிரையாகவே நின்றுவிடும், அதை மறக்க வேண்டாம்.

ஆனால் நினைவகத்தை விட முக்கியம், எத்தனை புள்ளி போதும் என்பது சார்பைப் பொறுத்தது. என் அசடு ஒன்றைச் சொல்கிறேன். சைன்(20 பை எக்ஸ்) + சைன்(20 பை ஒய்), இரண்டும் 0 முதல் 1 வரை. பக்கத்துக்கு 11 புள்ளி போதும் என்று எடுத்தேன், இடைவெளி 0.1. படம் வந்தது, கரடுமுரடான மலைத்தொடர், ஒரு மூலையை நோக்கி ஆழமாகச் சரிகிறது. சைன் அலையில் இதென்ன சரிவு என்று அரைமணி நேரம் சூத்திரத்தைத் துருவினேன். கடைசியில் இசட் அச்சின் எண்களைப் பார்த்தால் ஓரத்தில் பொடியாக ஒரு பெருக்கல்காரணி: 10-இன் மைனஸ் 15-ஆம் அடுக்கு.

புரிகிறதா? 0.1 இடைவெளியில் அந்த அலை சரியாக ஒரு சுற்று முடிக்கிறது. நான் தொட்ட 121 புள்ளியிலும் மதிப்பு பூஜ்ஜியம். மிஞ்சியது கணினி வைத்திருக்கும் பை (π) மதிப்பின் கடைசி இலக்கப் பிசிறு. அச்சு தானாக அளவெடுத்துக்கொண்டு அந்தப் பிசிறை மலையாக்கிக் காட்டிவிட்டது. உண்மையான மேற்பரப்பு −2-க்கும் 2-க்கும் இடையில் ஆடுகிறது.

ஓர் அலைக்கு இரண்டு புள்ளிக்கு மேல் வேண்டும் என்பது பிழைத்திருக்க மட்டுமே. கண்ணுக்கு அலையாகத் தெரிய எட்டு, பத்தாவது வேண்டும். இந்தச் சார்புக்குப் பக்கத்துக்கு நூறு. சந்தேகம் இருந்தால் புள்ளி எண்ணிக்கையை இரட்டிப்பாக்காமல் ஒற்றுமை இல்லாத எண்ணாக மாற்றிப் பாருங்கள், 11-க்குப் பிறகு 17 மாதிரி. படம் ஆளே மாறினால் முதல் படத்தை நம்ப வேண்டாம்.

நிரல்முதல்

மறுபக்கமும் உண்டு. புள்ளி போதுமான அளவு இருந்தும் ஒன்றும் தெரியாத சார்புகள். ரோசன்பிராக் சார்பு, 1960-இல் வந்தது: (1 − எக்ஸ்)² + 100 (ஒய் − எக்ஸ்²)². குறைந்த மதிப்பு (1, 1)-இல் பூஜ்ஜியம். எக்ஸ் −2 முதல் 2, ஒய் −1 முதல் 3 என்று வரைந்தால் (−2, −1) மூலையில் உயரம் 2509. அந்த மூலை மேலே இழுத்துக்கொண்டு போக, வாழைப்பழம் போல் வளைந்த பள்ளத்தாக்கு முழுக்கத் தரையோடு தரையாக நசுங்கிவிடும். இசட்டுக்குப் பதில் (1 + இசட்) என்பதன் மடக்கையை வரைந்தால் பள்ளம் எழுந்து நிற்கும். புள்ளியைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

கடைசிபெஞ்ச்

கேள்விகள் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் ஒய் / (எக்ஸ்² + ஒய்²). 41×41 எடுத்தால் நடுவில் ஓட்டை, 40×40 எடுத்தால் ஓட்டை இல்லை. இரண்டில் எது சரி?

மூன்றாம்அச்சு

ஓட்டை உள்ளதுதான் நேர்மையானது. −2 முதல் 2 வரை 41 எடுத்தால் ஆதிப்புள்ளி கட்டத்தில் விழுகிறது, 0/0, நான். 40 எடுத்தால் ஆதிப்புள்ளியைச் சுற்றி நான்கு புள்ளி நிற்கிறது, நூலகம் நான்கையும் சேர்த்து ஒரு ஓடு பதித்து மூடிவிடுகிறது. சின்ன மதிப்பு ஒன்றைப் பகுதியில் கூட்டி ஓட்டையை அடைப்பதும் வழக்கம். ஆக்டேவின் சோம்ப்ரேரோ தொப்பி சைன்(ஆர்)/ஆர் (ஆர் என்பது மையத்திலிருந்து தூரம்) வரைய அப்படித்தான் செய்கிறது. அங்கே நியாயம் இருக்கிறது, எல்லை மதிப்பு 1 என்று உறுதி. உங்கள் சார்புக்கு எல்லையே கிடையாது. ஒய் = எக்ஸ் கோட்டில் வந்தால் 1/2, ஒய் = −எக்ஸ் கோட்டில் வந்தால் −1/2, அச்சில் வந்தால் 0. எதை வைத்து அடைப்பீர்கள்?

இதற்கு எக்ஸ்-ஒய் கட்டமே பொருத்தமில்லை. ஆர், தீட்டா (கோணம்) இரண்டுக்கும் மெஷ்கிரிட் போடுங்கள். எக்ஸ் = ஆர் காஸ் தீட்டா, ஒய் = ஆர் சைன் தீட்டா. சார்பு சைன்(2 தீட்டா)/2 என்று சுருங்கிவிடும், ஆர் காணாமல் போகும். மையத்திலிருந்து கிளம்பும் ஒவ்வோர் ஆரமும் தன் உயரத்திலேயே நேராகப் போகிறது, மையத்தில் எல்லாம் ஒரு செங்குத்துக் கோட்டில் அடுக்கி நிற்கின்றன. படத்தைப் பார்த்தாலே எல்லை ஏன் இல்லை என்று விளங்கும். எக்ஸ், ஒய் அரேக்கள் இங்கே வளைந்த கட்டம், ஆனால் சர்ஃபேஸ் பிளாட்டுக்கு அது பொருட்டே இல்லை, அதற்கு வேண்டியது ஒரே வடிவத்தில் மூன்று அரே மட்டும்.

வேகத்தடை

"ஓடு பதித்து" என்றதும் ஞாபகம் வந்தது. நான்கு மூலையும் ஒரே தளத்தில் இருப்பது அபூர்வம், அதனால் பல மென்பொருள்கள் ஓடு ஒவ்வொன்றையும் இரண்டு முக்கோணமாக உடைக்கின்றன. எந்த மூலைவிட்டத்தில் உடைப்பது என்பதே படத்தை மாற்றும். வெறும் எக்ஸ் ஒய் எடுங்கள், (0,0)-இலிருந்து (0.1, 0.1) வரை ஒரு ஓடு. மூலைகளில் 0, 0, 0, 0.01. நடுவில் உண்மை மதிப்பு 0.0025. ஒரு மூலைவிட்டத்தில் வெட்டினால் 0.005, மற்றதில் வெட்டினால் 0. சேணங்களில் ரம்பப் பல் மாதிரி ஒரு கோலம் தெரிந்தால் சார்பைத் திட்டாதீர்கள்.

கடைசிபெஞ்ச்

ஆர்-தீட்டா படம் வரைந்துவிட்டேன், முறுக்கிய சுருள் போல் நிற்கிறது. எல்லை இல்லை என்பதை முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிறேன்.

பழைய அறிக்கைக்குத் திருத்தப் படமும் தயார். இந்த முறை எக்ஸ் −3 முதல் 3 வரை 61, ஒய் −2 முதல் 2 வரை 41, இரண்டிலும் இடைவெளி 0.1, சிகவுண்ட் 61. எக்ஸ் = 2 ஐம்பதாவது சுட்டு, ஒய் = 0 இருபதாவது. அனுப்பும் முன் இசட்[20][50] கேட்டேன், 4 வந்தது. இசட்[50][20] கேட்டேன், 41 நிரைதான் இருக்கிறது, 50-க்கு எங்கே போவது என்று எரர் அடித்தது. அனுப்பிவிட்டேன்.